சிறுத்தைக்கு நடந்த பாராட்டு விழா

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. ஆகையால் ராஜாவும் இல்லை. ஆனால் ஒரு பாதை இருந்தது, குழந்தைகளே. அடிவாரத்து மூங்கில் புதரில் தொடங்கி, மலைகளின் முதுகில் ஏறி இறங்கி, வற்றாத ஏரி ஒன்றின் கரையில் போய் முடிகிற நெடும்பாதை.

கோடையில் கீழே ஓடைகள் வற்றிவிடும். அப்போது விலங்குகள் எல்லாம் அந்தப் பாதையில் ஏரிக்கு நடக்கும். தூரம் அதிகம் என்பதால் வழியில் ஆங்காங்கே தங்கல்கள் உண்டு. ஒரு பெரிய மரம், பக்கத்தில் ஒரு சுனை, கல் அடுக்கிய ஓர் அடுப்பு. அவ்வளவுதான் தங்கல்.

அந்தக் காட்டு விலங்குகளுக்குத் தீ மூட்டத் தெரியும், உங்களைப் போலவே. அணைக்கத்தான் சிலருக்குத் தெரியாது, உங்களில் சிலரைப் போலவே.

பாதைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: மூட்டியவர் அணைக்க வேண்டும். யார் போட்ட சட்டம் என்று எவருக்கும் தெரியாது. எரிந்து போனவர்கள் போட்டதாக இருக்கும்.

அந்தக் கோடையில் ஒரு சிறுத்தை பாதையில் நடந்தது. அதற்குக் கர்வம் அதிகம். கூடவே ஒரு குரங்கு நடந்தது. அதற்கு முதுகெலும்பு குறைவு.

"தலைவரே! இந்தப் பாதையில் உங்களைப் போல் நடந்தவர் உண்டா?" என்றது குரங்கு.

"யோசித்துச் சொல்."

"யோசித்துவிட்டேன் தலைவரே. இல்லை."

"இன்னொரு முறை யோசி. அவசரம் ஒன்றும் இல்லை."

"இல்லவே இல்லை தலைவரே!"

இப்படிப் பேசிக்கொண்டே இரண்டும் போயின. எதிரே வந்தவர்களுக்கு வழி விடவில்லை. தின்ற எலும்பைச் சுனையில் போட்டன. மற்றவர்கள் கண் அயரும் நேரம் பார்த்துக் குரங்கு சுரைக்குடுக்கையைத் தட்டிக்கொண்டு பாடியது. தங்கல்தோறும் யானை உயரத்துக்குத் தீ வளர்த்தன. காலையில் சோம்பல் முறித்துவிட்டு நடையைக் கட்டின. சாம்பலுக்கு அடியில் கனல் கண் விழித்துக் கிடக்கும்.

அதை அணைக்கப் பின்னாலேயே ஓடியவர்கள் சிறியவர்கள். முக்கியமாக, உடம்பெல்லாம் செதில் கொண்ட ஓர் அலுங்கும் ஒரு முயலும். இரண்டும் இலைத் தொன்னையில் சுனை நீரை ஏந்திக்கொண்டு தங்கல் தங்கலாக ஓடின.

ஒரு தங்கலில் அவை பிந்திவிட்டன. காற்று முந்திக்கொண்டது. முயல் பிறந்து வளர்ந்த புல்வெளி முழுவதும் கரியாயிற்று. முயலின் ஒரு காது நுனியும் கருகிற்று.

அந்தப் பாதைக்குக் காவலாக ஒரு கரடி இருந்தது. முயல் அதனிடம் முறையிட ஓடியது. கரடி தேனடையோடு உட்கார்ந்திருந்தது.

"ஐயா, சிறுத்தை விட்டுப்போன நெருப்பு என் புல்வெளியை எரித்துவிட்டது!"

"எரிந்து முடிந்ததா?"

"முடிந்துவிட்டது ஐயா."

"முடிந்துபோன விஷயத்தில் நான் என்ன செய்ய?"

"அடுத்த தங்கலிலும் அது தீ மூட்டுமே!"

"அங்கே எரிந்துவிட்டதா?"

"இன்னும் இல்லை ஐயா."

"எரியாத தீயின் மேல் நான் எப்படி நடவடிக்கை எடுப்பது? எரிந்த பிறகு வா" என்றது கரடி. விரலை நக்கிக்கொண்டது.

அடுத்த தங்கல் ஒரு நாங்கு மரத்தடி. மரத்தின் பொந்தில் ஓர் இருவாச்சிப் பறவைக் குடும்பம் குடியிருந்தது. அன்று மாலை சிறுத்தையும் குரங்கும் அங்கே விறகு குவிக்கத் தொடங்கின. ஆண் இருவாச்சி பதறிக்கொண்டு கீழே இறங்கியது.

"ஐயா, இங்கே மட்டும் தீ வேண்டாம். இந்தப் பொந்துக்குள் என் மனைவி இருக்கிறாள். முட்டையிட்ட நாளிலிருந்து வாசலை மண் பூசி அடைத்திருக்கிறோம். அலகு நீட்டும் இடுக்கு ஒன்றுதான் திறப்பு. அவளுக்கு இறகெல்லாம் உதிர்ந்துவிட்டது. குஞ்சுகள் இன்னும் கண் திறக்கவில்லை. மரத்தில் தீப்பிடித்தால் அவர்கள் தப்ப வழியே இல்லை."

"உன் மனைவியை உள்ளே வைத்துப் பூசியது நானா?" என்றது சிறுத்தை.

குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. "என்ன கேள்வி கேட்டார் பார்த்தாயா எங்கள் தலைவர்! பாதை பொதுச் சொத்து ஐயா. பொதுச் சொத்து என்றால் தலைவர் சொத்து."

பொந்தின் இடுக்கிலிருந்து பெண் இருவாச்சியின் குரல் வந்தது. "அதனிடம் போய்க் கெஞ்சாதீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது."

தீ எரிந்தது. சுரைக்குடுக்கையும் முழங்கியது.

விடிந்தது. வெயில் ஏறினால் கணவாயிலிருந்து காற்று இறங்கும். மரத்தடியிலோ முழங்கால் அளவு சருகு. ஆண் இருவாச்சி மறுபடியும் சிறுத்தையின் முன்னால் வந்து நின்றது.

"கிளம்புமுன் தீயை அணைத்துவிட்டுப் போங்கள் ஐயா."

"அணைந்துவிட்டது."

"அடியில் கனல் இருக்கும் ஐயா."

"அணைந்துவிட்டது என்று நான் சொல்கிறேன். சுனை நீர் போல் குளிர்ந்து கிடக்கிறது. பால்குடிக் குட்டியைக்கூட அதில் படுக்க வைக்கலாம்."

அந்த நேரத்தில்தான் அலுங்கும் முயலும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தன. சிறுத்தையின் கடைசி வார்த்தை அலுங்கின் காதில் விழுந்தது.

அலுங்குக்கு நாக்கு நீளம். எறும்பைப் பிடிப்பதும் அதனால்தான், பெரியவர்களை மடக்குவதும் அதனால்தான்.

"அண்ணே, சீக்கிரம்! அது போன உடனே தண்ணீர் ஊற்றிவிடுவோம்" என்று முயல் கிசுகிசுத்தது.

"எத்தனை தங்கலுக்குத் தம்பி? அது மூட்டும், நாம் அணைப்போம். ஏரி வரைக்கும் இதுதான் நம் பிழைப்பா? இன்று அதன் வாயாலேயே தண்ணீர் கேட்க வைக்கிறேன். ஓடிப் போய் எல்லோரையும் கூப்பிடு. ஆளுக்கு ஒரு தொன்னைத் தண்ணீரோடு வரட்டும். வருகிற வழியில் ஒரு மாலையும் கட்டி எடுத்து வா."

"மாலை எதற்கு?"

"மாலை இல்லாமல் எந்தப் பெரியவன் ஓர் இடத்தில் உட்காருவான்?"

முயல் ஓடியது. அலுங்கு சிறுத்தையின் முன்னால் போய் வணங்கி நின்றது.

"சிறுத்தையாரே, கிளம்பிவிட்டீர்களா? ஐயோ, அப்படியானால் விழாவை யாருக்கு நடத்துவது?"

சிறுத்தையின் ஒரு காது திரும்பியது. "என்ன விழா?"

"பாராட்டு விழா ஐயா. 'நெடும்பாதை நாயகர்' என்று தங்களுக்குப் பட்டம் கொடுக்கிறோம்."

"எனக்கு இதிலெல்லாம் விருப்பமே கிடையாது" என்றது சிறுத்தை. "எப்போது ஆரம்பம்?"

"இதோ, மேடை போட்டதும்" என்ற அலுங்கு, மரத்தடிச் சருகையெல்லாம் வாரி அகற்றியது. தன் நகங்களால் மரத்தைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் பறித்தது. மேடை இவ்வளவு வித்தியாசமாக இருக்கிறதே என்று சிறுத்தை கேட்கவில்லை. அது தன் மீசையை நக்கிச் சீர் செய்துகொண்டிருந்தது.

விலங்குகள் வந்து கூடின. கடமான், மலை அணில், முள்ளம்பன்றி, கீரி என்று எல்லோர் கையிலும் தொன்னை.

"எல்லோரும் ஏன் தண்ணீரோடு வந்திருக்கிறார்கள்?" என்று குரங்கு கேட்டது.

"தண்ணீரா? பன்னீர் தம்பி. நாயகர் மேல் தெளிக்க வேண்டாமா?" என்றது அலுங்கு.

விழாவில் தேன் உண்டு என்று யாரோ சொன்னதால் கரடியும் வந்துவிட்டது. வந்ததும், கேட்காமலேயே, தலைமை ஏற்றுக்கொண்டது.

ஆண் இருவாச்சி மட்டும் அலுங்கிடம் பறந்து வந்தது. "என் வீட்டு வாசலில் கனல் கிடக்கிறது. நீங்கள் விழா நடத்துகிறீர்களே! காற்று வந்தால் என்ன ஆவது?"

"காற்று வருவதற்குள் முடிந்துவிடும்" என்றது அலுங்கு. அதன் குரலும் அவ்வளவு உறுதியாக இல்லை.

மாலை வந்தது. அலுங்கு தொண்டையைக் கனைத்தது. "நெடும்பாதை நாயகர் அவர்கள் தம் இருக்கையில் அமர வேண்டுகிறேன்."

"எங்கே இருக்கை?" என்றது சிறுத்தை.

"இதோ!" அலுங்கு அடுப்பைக் காட்டியது. "நாயகர் மூட்டிய அடுப்பு. நாயகர் குளிர வைத்த சாம்பல். பால்குடிக் குட்டியைப் படுக்க வைக்கலாம் என்று தாங்களே சொன்னீர்கள். இதைவிட மெத்தென்ற அரியணை எந்தக் காட்டில் உண்டு?"

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். சிறுத்தை சாம்பலைப் பார்த்தது. சாம்பல் வெள்ளையாக, சாதுவாக இருந்தது.

"நான் தரையிலேயே உட்காருகிறேன். நான் எளிமையானவன்."

"ஏன் ஐயா, சுடுமோ?"

கரடி தலையைத் தூக்கியது. "என்ன, அணையவில்லையா? அணைக்காவிட்டால் சட்டப்படி..."

"யார் சொன்னது? அணைந்துவிட்டது!" என்று சிறுத்தை உறுமியது.

"அப்படியானால் அமருங்கள்."

சிறுத்தை அக்கம்பக்கம் பார்த்தது. குரங்கின் கழுத்தைப் பிடித்து முன்னால் தள்ளியது. "முதலில் இவன் உட்காரட்டும். நெடுநாள் தொண்டன்."

"ஐயையோ! தலைவர் இருக்கையில் நானா?" குரங்கு கன்னத்தில் போட்டுக்கொண்டது. "என் வம்சமே தாங்காது தலைவரே!" என்று சொல்லிப் பக்கத்து மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. புகழ்கிறவர்களுக்கு எப்போது மரம் ஏற வேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

வேறு வழியில்லை. சிறுத்தை வாலைத் தூக்கிக்கொண்டு, மெல்ல, மிக மெல்ல உட்கார்ந்தது. மாலை கழுத்தில் விழுந்தது.

"இருக்கை சுகமாக இருக்கிறதா ஐயா?"

"சு... சுகம்."

அலுங்கு பேசத் தொடங்கியது. "பேரன்பு மிக்க பெரியோர்களே, தாய்மார்களே, வளைகளிலிருந்தும் பொந்துகளிலிருந்தும் திரண்டு வந்திருக்கும்..."

"சுருக்கமாகப் பேசு!" என்றது சிறுத்தை.

"பார்த்தீர்களா அடக்கத்தை! பாராட்டைக் கேட்கவே கூசுகிறார்!"

மறுபடியும் ஆரவாரம். சிறுத்தை இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு வலப்பக்கம் சாய்ந்தது.

"ஏதோ கருகுகிற வாசனை வருகிறதே" என்றது கரடி.

"சாம்பிராணி ஐயா" என்றது அலுங்கு.

சிறுத்தையின் கண்களில் நீர் வழிந்தது.

"ஆனந்தக் கண்ணீர்!" என்றது அலுங்கு. "நாயகரின் நடையைப் பற்றி இனி விரிவாக..."

அப்போது கணவாயிலிருந்து முதல் காற்று இறங்கியது. அலுங்கு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே இறங்கியது. சாம்பல் பறந்தது. கீழே கனல் செக்கச்செவேல் என்று விழித்தது. ஒரு பொறி துள்ளிப் பள்ளத்தைத் தாண்டி, நாங்கு மரத்தின் வேரில் மிச்சமிருந்த ஒரு சருகைப் பற்றியது. ஆண் இருவாச்சி அலறியது. அலுங்கின் நீள நாக்கு ஒரு வார்த்தைகூட எழாமல் உள்ளே சுருண்டது.

முயல் யாரையும் கேட்கவில்லை. ஒரே தாவில் போய்த் தன் தொன்னையைச் சருகின் மேல் கவிழ்த்தது. காது கருகியவர்களுக்குச் சைகை தேவையில்லை, குழந்தைகளே.

அதே நேரம் சிறுத்தையும் தாவியது, நேராக மேலே. "தண்ணீர்! தண்ணீர் ஊற்றுங்கள்!"

முயல் அணைத்துவிட்டதைப் பார்த்த பிறகுதான் அலுங்குக்கு மூச்சு வந்தது. மூச்சோடு பேச்சும் வந்தது. "பன்னீரா ஐயா?"

"தண்ணீர்! நெருப்பு! நெருப்பு இருக்கிறது!"

"எங்கே ஐயா?"

"அடுப்பில்!"

"யார் மூட்டியது?"

"நான்தான்! நான்தான் மூட்டினேன்! நான் அணைக்கவில்லை! ஊற்றித் தொலையுங்கள்!"

ஊற்றினார்கள். பாதி அடுப்பில் விழுந்தது. மீதி நாயகர் மேல் விழுந்தது. எது அதிகமாகப் புகைந்தது என்று சொல்வது கடினம்.

ஆனால் அத்தோடு ஒருவரும் கலையவில்லை. வட்டமாக நின்றார்கள். சிறுத்தை பல்லைக் காட்டியது. அவர்கள் நகரவில்லை. அது இதற்கு முன்னும் பலருக்குப் பல்லைக் காட்டியிருக்கிறது. ஒன்றாக நின்ற இத்தனை பேருக்குக் காட்டியது அன்றுதான் முதல் முறை. பல் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

சிறுத்தை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சுனைக்குப் போனது. நீர் மொண்டு வந்து ஊற்றியது. தன் பாதங்களாலேயே சாம்பலைக் கிளறியது. மறுபடியும் ஊற்றியது.

"இப்போது உட்காருங்கள்" என்றது முயல்.

சிறுத்தை உட்கார்ந்தது.

"எப்படி இருக்கிறது?"

"குளிர்கிறது" என்று முனகியது சிறுத்தை.

"அதற்குப் பெயர்தான் அணைந்தது ஐயா" என்றது முயல்.

கரடி எழுந்து நின்றது. "என் தலைமையில் எல்லாம் எவ்வளவு சிறப்பாக முடிந்தது பார்த்தீர்களா! தேன் எங்கே?" தேன் இல்லை என்றார்கள். கரடி வந்த வழியே போய்விட்டது.

மற்றவர்கள் மகிழ்ச்சியில் கை தட்ட ஆரம்பித்தார்கள். பொந்தின் இடுக்கிலிருந்து ஓர் அலகு நீண்டது.

"விழா முடிந்ததா? ராத்திரி முழுக்கக் குடுக்கைச் சத்தம், காலையில் பிரசங்கம். என் குஞ்சுகள் இப்போதுதான் கண் அயர்ந்தன. தட்டுவதை ஏரிக்கரையில் போய்த் தட்டுங்கள்."

எல்லோரும் நுனிக்காலில் நடந்து போனார்கள்.

அடுத்த தங்கலில் சிறுத்தை உள்ளங்கை அளவுக்குத்தான் தீ மூட்டியது. காலையில் எழுந்து தண்ணீர் ஊற்றியது, கிளறியது, மறுபடியும் ஊற்றியது.

"போதும் தலைவரே! நன்றாக அணைந்துவிட்டது" என்றது குரங்கு.

"அப்படியா?" என்றது சிறுத்தை. "உட்கார்."

குரங்கு சாம்பலைப் பார்த்தது. சிறுத்தையின் பின்பக்கத்தைப் பார்த்தது. பிறகு இன்னொரு தொன்னைத் தண்ணீருக்குச் சுனையை நோக்கி ஓடியது.

நீதி: நீ உட்காரத் துணியாத சாம்பலை அடுத்தவர் வாசலில் விட்டுச் செல்லாதே.