கொற்றி சொல்லாமல் வைத்திருந்த வழி

கடல் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் தள்ளி இருந்த காலம். கரையில் ஓர் உப்பளம். அதற்கு ஒரு தலைவன், மருதவாணன் என்று பெயர். பெரியவர்களே, கேளுங்கள். சின்னவர்களே, நீங்களும் கேளுங்கள். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மருதவாணன் கெட்டவன் இல்லை. யாரையும் அடித்ததில்லை, யார் வயிற்றிலும் அடித்ததில்லை. தினமும் காலையில் வரப்பின்மேல் ஏறி நின்று, "இந்த அளத்துல எல்லாருக்கும் வாய் இருக்கு. மனசுல தோணினதைச் சொல்லுங்க" என்பான். மனதாரத்தான் சொல்வான்.

ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாராவது புதிதாக ஒன்றைச் செய்து அது கெட்டுப்போனால், அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பான். வெயிலில் வேகிற சனம் கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று வைப்பான்.

பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கரையில் குவிப்பார்கள். வண்டிகள் வந்து ஏற்றிப்போகும்வரை குவியல் வெட்டவெளியில் கிடக்கும். நினையாத நேரத்தில் மழை வந்தால், பட்ட பாடெல்லாம் கரைந்து கடலுக்கே போய்விடும்.

சாத்தன் என்பவன் குவியலின்மேல் களிமண்ணைப் பூசிப் பார்த்தான். மண் கலந்து உப்பு சேறாகிவிட்டது. மருதவாணன் அவனுக்குச் சேற்றுச் சாத்தன் என்று பேர் வைத்தான். அளமே சிரித்தது.

அடுத்த வருடம் எயினி என்பவள் பழைய படகுப் பாயைக் கொண்டுவந்து குவியலைப் போர்த்திக் கட்டினாள். காற்று பாயைப் பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது. மருதவாணன் அவளுக்குப் பறந்தபாய் எயினி என்று பேர் வைத்தான். அளம் இன்னும் பலமாகச் சிரித்தது.

மூன்றாம் வருடம் யாரும் எதையும் செய்து பார்க்கவில்லை. மருதவாணன் அதைக் கவனிக்கவும் இல்லை.

அளத்தில் வைத்த பேர் அளத்தோடு நிற்குமா? ஊருக்குள் போனது. சாத்தனின் பிள்ளைகளைச் சேற்றுக் குட்டிகள் என்றார்கள். எயினியின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வழி கேட்டபோது ஊரார், "யாரு, பறந்தபாய் வீடா?" என்றார்கள். வந்தவர்கள் விவரம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றுபோனது.

நாலாம் வருடம் வைகாசியில், யாரும் எதிர்பாராத மழை மூன்று நாள் கொட்டியது. கோட்டைச் சுவர் உயரத்துக்கு நின்ற உப்பு இருந்த இடம் தெரியவில்லை. உப்பு இல்லாததால் மீன் கருவாடாகாமல் அழுகியது. அரசன் ஆள் அனுப்பினான். "ஆவணி முடிவதற்குள் நூறு வண்டி உப்பு வர வேண்டும். வராவிட்டால் அளம் வேறு ஊராருக்கு" என்றான் வந்தவன். எண்பது குடும்பங்களுக்கு அந்த அளத்தை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

மருதவாணன் வரப்பின்மேல் ஏறினான். "மழையிலேருந்து உப்பைக் காப்பாத்த யாருக்காவது வழி தெரியுமா?" என்று கேட்டான். ஒரு சோடிக் காளை பரிசு என்றான். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டான். எல்லாரும் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் மழைச் சேதம் பார்க்க வீடு வீடாகப் போனான். உப்பு வாரும் கொற்றியின் கொல்லையில், முழங்கால் உயரத்தில் பனையோலை போர்த்திய குவியல் ஒன்று நின்றது. கொற்றி ஓடிவந்து அதை மறைத்து நின்றுகொண்டாள்.

"என்ன கொற்றி அது?"

"வீட்டுக்குக் குடுத்த உப்புங்க ஐயா."

அவன் குனிந்து ஓலையை விலக்கினான். உள்ளே உப்பு பொலபொலவென்று காய்ந்து கிடந்தது. குவியலைக் கூரை மாதிரி இருபுறமும் சரிவாக்கி, கீழேயிருந்து மேலாக ஓலையை அடுக்கி, காற்றில் பறக்காதபடி கயிறு கட்டிக் கல் தொங்கவிட்டிருந்தாள். அதே மூன்று நாள் மழை அதன்மேலும் பெய்திருந்தது.

"இது எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"ரெண்டு வருசமாங்க."

"ஏம்மா சொல்லலை? நான் தினமும் கேக்கிறேனே!"

கொற்றி, "எனக்கும் ஒரு மக இருக்காங்க ஐயா" என்றாள்.

மருதவாணனுக்கு முகம் எரிந்தது. அவளைப் பார்க்க முடியாமல் உப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. "நீங்க கண்டுபிடிச்சதாச் சொல்லி அளத்துல செய்யுங்க ஐயா. கெட்டுப்போனாலும் உங்களுக்கு யாரு பேரு வைக்கப்போறா?" என்றாள்.

அவன் அப்படியே செய்தான். தன் யோசனை என்று சொல்லிச் செய்தான். இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

எண்பது குடும்பமும் சேர்ந்து உப்பு வாரினார்கள். குவியல்களுக்கு ஓலை வேய்ந்தார்கள். ஆடியில் ஒரு மழை, ஆவணியில் இரண்டு மழை. உப்பு அசையவில்லை. நூறு வண்டி கேட்ட அரசனுக்கு நூற்றுப்பத்து வண்டி போனது. அரசன் தானே பார்க்க வந்தான்.

"இது யார் மூளை?" என்று கேட்டான்.

சனம் மருதவாணனைக் கை காட்டியது. அவனும் வாயைத் திறந்தான். எதிரே சாத்தன் நின்றான், எயினி நின்றாள், கூட்டத்துக்குப் பின்னால் மகளோடு கொற்றி நின்றாள்.

"என்னோடது இல்லை, மன்னா. நான் பொய் சொல்லி வச்சிருந்தேன்" என்றான் மருதவாணன். திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "கொற்றி!" என்று கூப்பிட்டான்.

கொற்றி திடுக்கிட்டாள். கையிலிருந்த கூடை விழுந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, மகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, கூனிக் குறுகி நின்றாள். சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள்.

அரசன் அவளுக்குச் சோடிக் காளையையும் பட்டுப் புடவையையும் கொடுத்தான். மருதவாணனின் உண்மையை மெச்சி ஏதோ சொன்னான். அது மருதவாணன் காதில் ஏறவில்லை. கொற்றியைப் பாராட்டத்தான் அவன் கூப்பிட்டான். அந்தக் குரலுக்கே ஒருத்தி அடிக்குப் பயந்தவள்போல நடுங்கியதை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். ஊர் கூடியிருந்த இடத்தில் தலைவன் தலை கவிழ்ந்து அழுதான்.

பிறகு சாத்தனிடமும் எயினியிடமும் மன்னிப்புக் கேட்டான். சாத்தன், "விடுங்க ஐயா" என்றான். எயினி திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் மகளுக்கு அப்போதும் வரன் வந்திருக்கவில்லை.

ஆகவே கேட்டவர்களே, புதிதாக முயன்று தோற்றவரைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில், வழி தெரிந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.