வேரைப் பிடுங்கிப் பார்த்த அயிரை

ஒரு கண்ணாடித் தொட்டியில் ஓர் அயிரை மீனும், ஓர் இறாலும், ஒரு பனையேறிக் கெண்டையும் இருந்தன. மூன்றும் ஒரே குளத்திலிருந்து ஒரே வலையில் வந்தவை. ஆனாலும் அயிரை யாரையும் நம்பாது. தன் நிழல் மணலில் விழுந்தால்கூட, "யாரது?" என்று கேட்கும்.

அப்போது அது சினையாக இருந்தது. தொட்டி முழுக்க வெறும் மணல்தான். பனையேறி பெரிய மீன்களைத் தொடாது. பொடிக்குஞ்சு என்றால் ஒன்றைக்கூட விடாது. 'பிள்ளைகளை எங்கே ஒளித்து வைப்பேன்?' என்று அயிரை தவித்தது.

ஒருநாள் தொட்டியைப் பராமரிக்கும் பொன்னரசி வந்தாள். தொட்டி மணலில் படரும் குட்டையான புல்லைச் சிறு சிறு கொத்தாகப் பிரித்தாள். வயலில் நாற்று நடுவதுபோல், இடைவெளி விட்டு இடுக்கியால் மணலில் நட்டாள். "நாற்பது நாளில் பாய் விரிச்ச மாதிரி படர்ந்துடும்!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அயிரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புல் படர்ந்தால் போதும், குஞ்சுகள் அதற்குள் புகுந்து பிழைத்துக்கொள்ளும்!

பத்தாம் நாள் இலைகள் மஞ்சளாகி அழுகின. இறால் ஒவ்வொரு கொத்தாகப் போய் எதையோ கிள்ளித் தின்றுகொண்டிருந்தது. அயிரை அதன்மேல் பாய்ந்தது.

"அடேய்! என் பிள்ளைங்க ஒளியற புல்லையா திங்கிறே?"

"இல்லக்கா! அழுகினதைத்தான் எடுக்கிறேன். இது தண்ணிக்கு வெளியே வளர்ந்த இலை, உள்ளே வந்தா கரையத்தான் செய்யும். வேர் பிடிச்சதும் புது இலை விடும். அழுகலை அப்படியே விட்டா பாசி மூடிடும்!"

"எந்தத் திருடன் தான் திருடினதை ஒத்துக்கிட்டான்?"

இதைக் கேட்டுப் பனையேறி மெல்ல அருகே வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம், அந்தக் கதைதான்.

"தங்கச்சி, உன் குஞ்சுங்களை நினைச்சா எனக்குத் தூக்கமே வரல. இலை போனா போகட்டும். அடியிலே வேரைக் கடிச்சிருந்தான்னா? பிடுங்கிப் பார்த்தாத்தானே தெரியும்!"

அயிரை பனையேறியை நம்பவில்லை. ஆனால் சந்தேகத்துக்கு நம்பிக்கை எதற்கு? காதில் விழுந்தாலே போதும். அது ஒரு கொத்தைப் பிடுங்கிப் பார்த்தது. அடியில் இரண்டு வெள்ளை வேர்கள் நூலாக இறங்கியிருந்தன. திருப்பி மணலில் அழுத்தி வைத்தது.

மறுநாள், 'நேற்று இருந்தது சரி, இன்றைக்கு இருக்கிறதா?' என்று தோன்றியது. மறுபடி பிடுங்கியது. அதற்கடுத்த நாள் பக்கத்துக் கொத்து. பிறகு எல்லாக் கொத்தும்.

"அக்கா, கெஞ்சிக் கேக்கறேன், இருபது நாள் தொடாம விடுங்க! வேர் மணலைப் பிடிக்கட்டும்!" என்றது இறால்.

"வேரைப் பார்க்காதேன்னு ஏன் சொல்றே? அங்கேதான் சங்கதி இருக்கு!"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அயிரை இறாலை முட்டி மோதித் தொட்டியின் பின்மூலைக்கே விரட்டிவிட்டது. துப்புரவு செய்ய ஆளில்லாமல் புல்லில் பாசி படிந்தது. வேர் பிடிக்காத கொத்துகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்தன. பொன்னரசி இரண்டு தடவை மறுபடி நட்டுப் பார்த்தாள். மூன்றாம் தடவை வெறுத்துப்போய் எல்லாவற்றையும் அள்ளி வெளியே எறிந்தாள்.

நாற்பதாம் நாள் அயிரையின் முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வந்தன. வெறும் மணலில் அங்குமிங்கும் ஓடின. பனையேறி அவசரப்படவில்லை. ஓர் ஓரத்தில் தொடங்கி, மறு ஓரம் வரை நிதானமாகத் தின்று முடித்தது. அயிரை குறுக்கே பாய்ந்து பாய்ந்து பார்த்தது. ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

"பாவி! என் புல்லை அழிச்சுட்டியே!" என்று அது கதறியது.

"நானா? ஒரு இலையைத் தொட்டிருப்பேனா? வாயாலே சொன்னேன், அவ்வளவுதான். தினமும் பிடுங்கினது நீதானே, தங்கச்சி!"

அயிரை தான் பிடுங்கிய இடத்து வெறும் மணலில் போய் ஒதுங்கியது.

காவல் காக்கிறேன் என்று தினமும் வேரைப் பிடுங்கிப் பார்க்கும் சந்தேகம், எந்தத் திருடனையும்விட அதிகமாக அழித்துவிடும்.