கடைசி வண்டி வரும்வரை

நாமக்கல்லில் அப்போது மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டம் ஒன்று இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து கிளம்புவார்கள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள், ஒரு மாவு மில் முதலாளி. அவர்களுக்கெல்லாம் தலைமை எஸ்தர் டீச்சர்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவர் விளையாட்டு ஆசிரியை. கூட்டத்திலேயே வயது குறைந்தவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். வண்டி ஓட்டத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

கைப்பேசி இல்லாத காலம். யாரும் வழி தவறிவிடக் கூடாது என்று டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ரோடு பிரியும் இடம் வந்தால், முன்னால் போகும் டீச்சருக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே இறங்கி நிற்க வேண்டும். போக வேண்டிய பக்கம் கையை நீட்ட வேண்டும். எல்லோரும் கடந்து, கடைசி வண்டி வந்து சேர்ந்த பிறகுதான் அவர் கிளம்பலாம். அந்தக் கடைசி வண்டிக்கு முன்னால் சேர்ந்துகொள்ளலாம். கடைசி வண்டி எப்போதும் கோழிப்பண்ணை செங்கோடனுடையது.

மாவு மில் வையாபுரிக்கு நிற்பது பிடிக்காது. நாற்பது வயதுக்கு மேல் டீச்சரிடம் வண்டி பழகியவர் அவர். பழகியதும் பறக்க ஆரம்பித்துவிட்டார். டீச்சருக்கு நேர் பின்னால் போனால் எங்காவது நிற்க வேண்டி வரும் என்று, கணக்காக மூன்றாவது ஆளாகவே போவார்.

ஒருமுறை கொல்லிமலை ஏறும்போது அவர் விழுந்தார். மேலே போன வண்டியிலிருந்து முட்டை அட்டைகள் சரிந்து, ஒரு வளைவு முழுவதும் முட்டை உடைந்து கிடந்தது. அவருடைய யெஸ்டி வண்டி அதில் வழுக்கிப் பள்ளத்துக்குப் போனது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. தோள்பட்டையும் போயிற்று.

தூக்கி வந்தவர்கள் கூட்டத்துக்காரர்கள். ரத்தம் கொடுத்தவர்கள் அவர்கள். ஆஸ்பத்திரியில் முறை வைத்து உட்கார்ந்தவர்களும் அவர்கள்தான். பட்டறை ரஃபீக் லாரிக் குழாயை வளைத்து, பிடித்து நடக்க ஒரு சட்டம் செய்து கொண்டுவந்தான். அது நாலு ஆளைத் தாங்கும். செங்கோடன் தினமும் முட்டை கொண்டுவந்தான்.

"உங்களைத் தள்ளிவிட்டதே முட்டைதான். இனி அதைத் தின்னே தீர்த்துருங்க பங்காளி" என்றான்.

மில் மூடக் கூடாது என்று அதையும் அவர்களே ஓட்டினார்கள். மிளகாய் அரைத்த கையோடு ஒருத்தன் கோதுமையைக் கொட்டிவிட்டான். ஒரு தெருவே இரண்டு நாள் சப்பாத்தி தின்று தும்மியது.

டாக்டர் கட்டைப் பிரித்தார். டீச்சர் பள்ளி மைதானத்துக்கு வரச் சொல்லி, விசில் ஊதி நடக்கவைத்தார். சட்டம் போய்க் கைத்தடி வந்தது. பிறகொரு நாள் டாக்டர், "இனி வண்டியே ஓட்டலாம்" என்றார்.

வையாபுரி ஓட்டவில்லை. ரஃபீக்கிடம் சொல்லிவிட்டார்.

"என் வண்டியை வித்துரு."

"ஆள் பாத்துக்கிட்டு இருக்கேண்ணே."

"எவ்வளவு நாளா பாப்பே?"

"நல்ல ஆள் வேணுமில்லே."

ஒரு நாள் டீச்சர் ராகி அரைக்க மில்லுக்கு வந்தார். வையாபுரி இயந்திரத்தை நிறுத்தினார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணா."

"நான் விழுந்ததிலிருந்து நம்ம ஆளுங்க மலைக்கே போகலை. வையாபுரி வரட்டும், வையாபுரி வரட்டும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்கு மானமே போகுது. நான் இனி வரமாட்டேன். வந்தாலும் பழைய ஆளா வரமாட்டேன். இது அவங்களுக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு எனக்காக நிக்கிறாங்க?"

டீச்சர் ராகிப் பையைத் தராசில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில உங்களுக்கு வேலை ஏதாவது இருக்குங்களா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க டீச்சர்."

"நைசா அரைங்க. போன தடவை நறநறன்னு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு காலை டீச்சரின் ராஜ்தூத் வாசலில் நின்றது.

"பின்னால உட்காருங்க."

"எங்க போறோம்?"

"உட்காருங்கண்ணா. உங்களுக்கு ஒரு வேலை இருக்கு."

சேந்தமங்கலம் தாண்டி, மலைக்கு ரோடு பிரியும் இடத்தில் வண்டி நின்றது. எதிரே கொல்லிமலை நீலமாக இருந்தது. வையாபுரி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இறங்குங்க. இன்னிக்கு நம்ம ஆளுங்க மலைக்குப் போறாங்க. நீங்க இங்க நின்னு கை காட்டணும்."

"நானா? இந்தத் தடியோடவா?"

"ஒரு கையில தடி. இன்னொரு கை சும்மாதானே இருக்கு?"

"நிக்கறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"இதுவரைக்கும் நீங்க நின்னதே இல்லை. இன்னிக்கு உங்க முறை."

டீச்சர் வண்டியைத் திருப்பி, வந்த வழியே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது. முதலில் தேனீக்கூட்டம் மாதிரி. பிறகு தரை அதிர்ந்தது. வையாபுரி தன்னை அறியாமல் நிமிர்ந்தார். இடது கையில் தடியை ஊன்றி, வலது கையை மலைப்பக்கம் நீட்டினார்.

முன்னால் வந்தது செங்கோடன்.

"ஏய் செங்கோடா! நீ எங்கடா முன்னால? கடைசி வண்டியில்ல நீ?"

"இன்னிக்கு எனக்குப் பதவி உயர்வு பங்காளி!"

"அப்ப கடைசி யாரு?"

"வரும் வரும்! கையை இறக்கிடாதீங்க!"

அவன் பின்னால் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொரு வண்டியும் அவர் பக்கத்தில் வந்ததும் ஹாரன் அடித்தது. ஒருவன் சல்யூட் அடித்தான். ஒருவன், "டிராபிக் போலீசு! மாமூல் வேணுமா?" என்றான். இன்னொருவன் தும்மிக் காட்டிவிட்டுப் போனான். மிளகாயில் கோதுமை அரைத்தவன் அவன்தான். ரஃபீக் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கத்தினான். வையாபுரி சிரித்தார். புழுதி வாய்க்குள் போனது. அதோடேயே சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தார்.

புழுதி அடங்கியது. கடைசி வண்டி வரவில்லை.

அவர் நின்றார். வெயில் ஏறியது. தொடையில் ஆணி இறங்குகிற மாதிரி வலி. பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"உட்காருங்க சாமி."

"இல்லைங்க. உட்கார்ந்தா தூரத்துல இருந்து தெரியாது."

"யாரு வரணும்?"

"கடைசி வண்டி."

"வர்றவருக்கு வழி தெரியாதுங்களா?"

"எங்க ஆளுங்களுக்கா? கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்துருவாங்க."

"அப்புறம் எதுக்கு இந்த வெயில்ல நிக்கறீங்க?"

வையாபுரி ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் வரலைங்களே" என்றார்.

டீக்கடைக்காரர் ஸ்டூலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

மலைக்குப் போகும் பஸ் வந்தது. கண்டக்டர், "வர்றீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கை கனத்தது. இறக்கவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. இரட்டை சைலன்சர். ஆயிரம் வண்டிக்கு நடுவில் வந்தாலும் அவருக்குத் தெரியும். அவருடைய யெஸ்டி. நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. உடனே அடங்கியது. ரஃபீக் விற்றுவிட்டான் போலிருக்கிறது. வாங்கியவன் ஓட்டிப் பார்க்கிறான்.

திருப்பத்தில் வண்டி தெரிந்தது. புதுப் பெயின்ட். நெளிந்த டேங்க் நிமிர்ந்திருந்தது. ஓட்டி வந்தவர் எஸ்தர் டீச்சர்.

பக்கத்தில் நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"கடைசி வண்டி நீங்களா டீச்சர்?"

"இல்லை." டீச்சர் இறங்கி, கைப்பிடியை அவரிடம் நீட்டினார். "வண்டி யாருதோ, அவங்க."

வையாபுரி ஒரு அடி பின்னால் போனார்.

"விளையாடாதீங்க டீச்சர்."

டீச்சர் ஹெல்மெட் ஒன்றை எடுத்தார். புதிது. லாரியில் படம் வரைகிற கையால் அதன் நெற்றியில் ஒரு முட்டை வரைந்திருந்தது. முட்டைக்கு இரண்டு சிறகு.

"ரஃபீக் அண்ணன் குடுத்துவிட்டாரு. போடுங்க. மேலே ஒவ்வொரு வளைவுலயும் ஒரு ஆள் கை காட்டிக்கிட்டு நிக்குது. கடைசி வண்டி வராம யாரும் கிளம்ப மாட்டாங்க. நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?"

வையாபுரி மலையைப் பார்த்தார். அன்று காலையில் முதல் தடவையாகப் பார்த்தார்.

"ஒவ்வொரு வளைவுலயுமா?"

"ஆள் பத்தலை. கீழே ஒருத்தர் கிளம்பினா, பத்து வளைவு தள்ளிப் போய் நின்னுக்குவாங்க. நீங்க கேட்டுக்கிட்டே நின்னா அவங்க வெயில்ல கருகிடுவாங்க."

டீச்சர் அவர் கையிலிருந்த தடியை வாங்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வையாபுரி காலைத் தூக்கிப் போட்டார். கிளட்சைப் பிடித்தபோது கை நடுங்கியது. விட்டபோது நடுக்கம் வண்டியோடு கலந்துவிட்டது.

அடிவாரம் வந்தது. முதல் வளைவில் ரஃபீக் நின்றான். கை நீட்டி, சிலை மாதிரி. அவர் வந்து சேர்ந்ததும் சிலைக்கு உயிர் வந்தது. "வந்துட்டாருடா!" என்று மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினான். உதைத்தான், கிளம்பினான், முன்னால் போனான். அடுத்த வளைவில் ஒருவன். அதற்கடுத்ததில் ஒருவன். ஒவ்வொருவனாகக் கத்தி, உதைத்து, அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். கத்தல் அவருக்கு முன்பே மலையில் ஏறிக்கொண்டிருந்தது. மரத்திலிருந்த குரங்குகள் கிளை மாறின. பின்னாலிருந்து டீச்சர் தடியை உயர்த்திப் பிடித்து விசில் ஊதினார். வையாபுரி இரண்டாவது கியரில் போனார். கொஞ்சம் பொறுத்து மூன்றாவது போட்டார். வாய்விட்டு அவரும் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது.

பாதி மலையில் அந்த வளைவு வந்தது.

கீழேயே நிறுத்திவிட்டார். இரண்டு காலையும் தரையில் ஊன்றினார்.

மேலே வளைவின் விளிம்பில் செங்கோடன் நின்றான். ஒரு கையில் விளக்குமாறு. இன்னொரு கை நீட்டியபடி.

"பங்காளி! வாங்க! காலையிலேயே கூட்டியாச்சு! ஒரு முட்டை ஓடு கிடையாது! நாக்குல தொட்டு வேணா பாத்துக்கறேன்!"

வையாபுரி அசையவில்லை. தலை கவிழ்ந்திருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் உடைந்து வந்தது.

"டீச்சர், போதும். இங்க வரைக்கும் வந்தது போதும். அவங்களைப் போகச் சொல்லுங்க."

டீச்சர் பின்சீட்டிலிருந்து இறங்கவில்லை.

"மலையில பிரிவே கிடையாது. ஒத்த ரோடு. எனக்கு வழி தெரியாதா? வெயில்ல எதுக்கு நிக்கிறாங்க?"

டீச்சர் அவர் தோள்பட்டையில், முறிந்து கூடின இடத்தில், கையை வைத்தார்.

"நீங்க இன்னும் வரலையேண்ணா."

வையாபுரி தலையை நிமிர்த்தினார். கியரைப் போட்டார்.