சாவி கொடுத்த கை

கேட்டுவிட்டுப் பதில் சொல்ல வேண்டிய கதை இது. பாதியில் கொட்டாவி விடுபவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

என் சகலை தனபாலிடம் ஒரு வெளிநாட்டுக் கைக்கடிகாரம் உண்டு. அந்த விலைக்கு நான் என் வீட்டில் மாடி எழுப்பியிருப்பேன். அதற்குப் பேட்டரி கிடையாது. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும்; ஒருநாள் விட்டால் நின்றுவிடும். மனிதர் அதைத் தனியாகச் செய்ய மாட்டார். எல்லாரும் காபி குடிக்க உட்காரும் நேரம் பார்த்துத்தான் திருகுவார்.

"அத்தான் கைக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு!" என்பாள் என் மனைவி வசுமதி. எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்?

ஆடியில் இரண்டு குடும்பமும் மதுரையிலிருந்து வேனில் கிளம்பினோம்.

"ஊர் சுத்தப் போற இடத்துல இது எதுக்கு சகலை?" என்றேன்.

"பெட்டியில பூட்டி வைக்கவா வாங்கினேன்?" என்றார்.

திங்கட்கிழமை குற்றாலம். அருவிக்குப் போகும்முன் தனபால் கடிகாரத்தைத் துண்டில் சுற்றி வேன் இருக்கையில் வைத்து, பார்த்துக்கொள்ளும்படி ஓட்டுநர் இருதயராஜிடம் சொன்னார். குளிர் தாங்காமல் நான்தான் முதலில் திரும்பினேன். மற்றவர்கள் வந்து பார்த்தபோது துண்டு இருந்தது, கடிகாரம் இல்லை.

"டீ குடிக்க அஞ்சு நிமிஷம் போனேன் சார். எம் பிள்ளைங்க மேல சத்தியம்" என்றார் இருதயராஜ்.

தனபால் நம்பவில்லை. வேன் முதலாளிக்குப் போன் போட்டுக் கத்தினார். போலீஸ் வேண்டாம் என்று நான்தான் சமாதானப்படுத்தினேன். மதியமே வேறு ஓட்டுநர் வந்தார். வேலை போன இருதயராஜ் பஸ் ஏறிப் போனார்.

செவ்வாய் திருச்செந்தூர். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சன்னதிக்குப் போக வேண்டும். எனக்குத் தலைவலி. வெளியே செருப்புகளுக்குக் காவல் இருந்தேன்.

புதன் கன்னியாகுமரி. "இந்த வெயில்ல எதுக்குங்க முழுக்கைச் சட்டை?" என்றாள் வசுமதி. பிறகு மணி கேட்டாள். செல்போனை எடுத்துப் பார்த்துச் சொன்னேன்.

வியாழன் மாலை வீடு வந்தோம். தனபால் பெட்டியைக் கவிழ்த்தார். சவரப் பையிலிருந்து கடிகாரம் விழுந்தது. ஓடிக்கொண்டிருந்தது, மணியும் சரியாக இருந்தது.

"என் மறதிதான்! துண்டுல வச்சதா நினைச்சுக்கிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தோம். இருதயராஜை மட்டும் முதலாளி திரும்பச் சேர்க்கவில்லை. பெயர் கெட்டால் கெட்டதுதான் என்றாராம்.

இப்போது சொல்லுங்கள்: இது தனபாலின் மறதிதானா? இல்லையென்றால் கடிகாரத்தை எடுத்தது யார்?

விடை: மறதி என்றால் கடிகாரம் செவ்வாய்க்கிழமையே நின்றிருக்கும். தினமும் ஒரு கை சாவி கொடுத்திருக்கிறது. இருதயராஜோ திங்களன்றே போய்விட்டார். சட்டையைக் கழற்ற முடியாதவன் ஒருவன்தான் இருந்தான். ஆமாம், நான்தான். அதைக் கட்டியிருந்தும், வசுமதியே மணி கேட்டும், கையை நீட்டிக் காட்ட முடியவில்லை. யாருக்கும் காட்ட முடியாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திருப்பி வைத்துவிட்டேன். நேற்று முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன்; இருதயராஜ் நாளை வண்டி எடுக்கிறார். இனி தனபாலிடம் சொல்ல வேண்டும். இப்போது அவர் வீட்டில் காபி நேரம். வசுமதியும் அங்கேதான் இருக்கிறாள். சகலை சாவி கொடுத்துக்கொண்டிருப்பார்.