காற்புள்ளி மேலே ஏறியது ஏன்?

எழுத்துகளுக்குக் கால் முளைத்திருந்த காலம் அது. விலங்குகளும் பேசின, எழுத்துகளும் பேசின. ஆங்கில நாட்டில் அப்போது மையும் கிடையாது, பேனாவும் கிடையாது. பெயர்ப்பலகை வேண்டுமென்றால் எழுத்துகளே வந்து வரிசையாக ஏறி நிற்க வேண்டும். காற்புள்ளி மட்டும் தரையோடு தரையாகக் கிடக்கும். வருகிறவர் போகிறவரிடம் "கொஞ்சம் நின்னு போங்க" என்று சொல்வதுதான் அதன் வேலை. அதை எவன் மதித்தான்? மிதித்துக்கொண்டு போனார்கள்.

ஒரு கோடையில் அந்த ஊர் வாத்துகள் ஒன்றுசேர்ந்து ஒரு குளம் வெட்டின. அலகு தேய, கால் வெடிக்க வெட்டின. செம்பி என்ற வாத்து, குஞ்சு பொரித்த கையோடு மண் அள்ள வந்தாள். தடியன் என்ற ஆண் வாத்து மட்டும் மர நிழலில் படுத்துக்கொண்டு, "ம், இன்னும் ஆழமா வெட்டுங்க" என்று அதிகாரம் பண்ணினான். குளக்கரையில் நட்டிருந்த வெற்றுப் பெயர்ப்பலகையின் காலடியில் கிடந்த காற்புள்ளி அத்தனையையும் பார்த்தது. அதற்கு வயிறு எரிந்தது.

மழை வந்தது, குளம் நிறைந்தது. டி, யு, சி, கே, எஸ் எல்லாரும் 'டக்ஸ்' என்று பலகையில் ஏறி நின்றார்கள். செம்பி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஆசையாக வந்தாள். வந்து பார்த்தால், குளத்தைச் சுற்றி முள்வேலி! உள்ளே தடியன் நீந்திக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே இது? குஞ்சுங்க தண்ணி குடிக்கணும்."

"இது என் குளம். பலகையைப் படிச்சுப் பாரு. டக்னா ஒரு வாத்து. அது நான்தான். என் சொத்துன்னு காட்டத்தான் வால்ல எஸ் நிக்குது."

"அடப்பாவி! எஸ் நின்னா நாங்க எல்லாரும்னு அர்த்தம்!"

உண்மையில் அப்போது எஸ்ஸுக்கு இரண்டு வேலை. பலர் என்று சொல்லவும் அதுதான் வரும், சொந்தம் என்று சொல்லவும் அதுதான் வரும். "நீ எதுக்கு நிக்கிறே?" என்று செம்பி எஸ்ஸிடமே கேட்டாள். எஸ் நெளிந்தது. நெளியாமல் என்ன செய்யும்? தடியன் கொடுத்த கொழுத்த நத்தைகள் வயிற்றில் இருந்தனவே!

"நான் ரெண்டுக்கும்தான் நிக்கிறேன். நீங்களே பேசித் தீத்துக்குங்க" என்றது.

வெயில் ஏறியது. ஒரு குஞ்சு வேலியோரம் தலை சாய்ந்து விழுந்தது. செம்பி அலறினாள்.

காற்புள்ளியால் பொறுக்க முடியவில்லை. காற்புள்ளி தரையை விட்டு ஏறினால் திரும்ப இறங்கவே கூடாது என்பது எழுத்துகளின் சட்டம். அதன் அண்ணன் தம்பிகள் எல்லாரும் கீழேதான் இருந்தார்கள். "போங்கடா, நீங்களும் உங்க சட்டமும்!" என்று கத்திக்கொண்டு பலகையின் உச்சிக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இனிமே எனக்கு முன்னாடி நிக்கிறவங்கதான் சொந்தக்காரங்க!"

தடியன் குழைந்தான். "அப்படின்னா எஸ்ஸுக்கு முன்னாடி வந்து நில்லுப்பா. உனக்கு முன்னாடி டக் மட்டும் போதும். உனக்கும் நத்தை தர்றேன்."

"தூ! உன் நத்தை யாருக்கு வேணும்?" என்று எஸ்ஸின் தலைக்கு மேல் தாவி, அதற்குப் பின்னால் போய் நின்றது காற்புள்ளி. "முழுசாப் படிங்க! டக்ஸ்! மண்ணு சுமந்த அத்தனை வாத்துக்கும் இந்தக் குளம் சொந்தம்!"

வாத்துகள் வேலியைப் பிய்த்து எறிந்தன. செம்பி அலகில் தண்ணீரை மொண்டு வந்து குஞ்சின் வாயில் விட்டாள். அது மெல்லத் தலையைத் தூக்கியது.

"அப்போ எனக்குன்னு ஒண்ணுமே இல்லையா?" என்று தடியன் கத்தினான்.

"ஏன் இல்லை? உன் பேராசை இருக்கே! அதுல யாரும் பங்கு கேக்க மாட்டாங்க" என்ற காற்புள்ளி, கீழே இறங்காமல் எழுத்துகளின் தலைமேல் இருந்தபடியே அவற்றை அவன் படுத்திருந்த மரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனது. 'டக்' ஒரு பக்கம், எஸ் மறுபக்கம், நடுவில் தான் என்று விறைத்து நின்றது. "இந்தப் பேராசை உன் ஒருத்தனுக்கே சொந்தம். வச்சுக்கோ!"

அன்றைக்கு ஏறிய காற்புள்ளி இன்றுவரை கீழே இறங்கவில்லை. ஆங்கிலத்தில் ஒருவருக்குச் சொந்தமென்றால் எஸ்ஸுக்கு முன்னாலும், எஸ் சேர்த்துச் சொல்லும் பலருக்குச் சொந்தமென்றால் எஸ்ஸுக்குப் பின்னாலும் அது உச்சியில் நிற்பது அதனால்தான். அதை இடம் மாற்றி வைக்கிறவன், ஊர் வெட்டிய குளத்தைத் தூக்கி மறுபடியும் தடியன் கையில் கொடுக்கிறான்.