குறுக்குக் கட்டை

“நான் இனி யாருக்கும் வேண்டாம், தாயே,” என்றாள் உலகம்மை.

சாமியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“உட்காருங்கக்கா.”

“நின்னுக்கிட்டே சொல்றேன். உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்ல.”

உலகம்மைக்கு அறுபது நெருங்குகிறது. மடத்தின் குருவான சாமியம்மா அவளைவிட மிகவும் இளையவர். இவள் அவரைத் தாயே என்பாள். அவர் இவளை அக்கா என்பார். மலையடிவாரத்து அந்தச் சிறிய மடத்தில் யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை.

“சொல்லுங்க.”

“அண்ணனும் மதினியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துட்டாங்க. பயலுவ ரெண்டு பேரையும் நான்தான் வளர்த்தேன். திரவியமும் நாயகமும் ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் முழிக்க மாட்டானுவ. ‘அத்தை, அவன்கிட்டச் சொல்லுங்க’ம்பான் இவன். ‘அத்தை, இவன்கிட்டச் சொல்லுங்க’ம்பான் அவன். சாப்பிட உட்கார்ந்தாக்கூட நடுவுல நான் நிக்கணும்.”

“இப்போ?”

“இப்போ சேர்ந்து வீடு கட்டிட்டானுவ. ஒரே வீடு! நேருக்கு நேராப் பேசிக்கிறானுவ, சிரிச்சுக்கிறானுவ. வைகாசியில பால் காய்ச்சப் போறானுவ. சமையலுக்கு யாரு, பூவுக்கு யாருன்னு கேட்டேன். ‘எல்லாம் நாங்க பாத்துக்கிட்டோம். நீங்க சும்மா வந்து உட்காருங்கத்தை, போதும்’னுட்டானுவ.”

கொண்டுவந்த பையைத் தரையில் பொத்தென்று வைத்தாள்.

“சும்மா வந்து உட்காரணுமாம்! நான் போகப் போறதில்ல. இங்கேயே கிடக்கேன். ஏதாவது வேலை குடுங்க.”

சாமியம்மா கீரைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

“நாளைக்குப் புது அடுக்களைக்கு வாசல் நிலை நிறுத்தறோம். மஞ்சள் குங்குமம் நீங்க வையுங்க.”

மறுநாள் காலையில் நிலை நின்றது.

உலகம்மை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பொட்டு வைத்தாள். நிலைக்கால் இரண்டுக்கும் வைத்தாள். மேற்சட்டத்துக்கு எக்கி வைத்தாள். கீழே படிக்குக் குனிந்து வைத்தாள்.

இரண்டு கால்களுக்கும் நடுவே, முழங்கால் உயரத்தில், இழைக்காத கட்டை ஒன்று ஆணியடித்துக் கிடந்தது.

“அதுக்கு?” என்றார் சாமியம்மா.

“இது வாசல்ல சேர்த்தியா தாயே? இதுக்கு ஒரு பேரு உண்டா?”

“குறுக்குக் கட்டைம்போம்,” என்றார் ஆவுடையப்ப ஆசாரி.

“போற வர்ற இடத்துல குறுக்கே! நல்லா வச்சீரு பேரு.”

பொட்டு வைக்காமலே போய்விட்டாள்.

இரண்டு பக்கமும் சுவர் எழும்பியது.

ஒரு நாள் வேலையாட்களுக்குக் கஞ்சிப் பானையைத் தூக்கி வந்தாள். அந்தக் கட்டையில் இடித்துக்கொண்டாள். பானை உருண்டது.

நேரே குருவிடம் போனாள்.

“முழங்காலைப் பாருங்க!”

“இடிக்குதா?”

“இடிக்காம?”

“அப்போ எடுத்துடுங்க.”

ஆசாரி டீ குடிக்கப் போயிருந்தார். உலகம்மை அவருடைய சுத்தியலை எடுத்து நாலு போடு போட்டாள். கட்டை கழன்று விழுந்தது.

அப்பாடா என்று அவள் நிமிர்வதற்குள் ஈரச்சுவர் தள்ள, நிலைக்கால் மெல்ல உள்ளே வளைந்தது.

“ஏ ஆச்சி! நிலைக்காலைப் பிடி!” சாரத்தின் மேலிருந்து கொத்தனார் கத்தினார்.

உலகம்மை வாசலுக்குள் பாய்ந்தாள். ஒரு காலுக்கு முதுகைக் கொடுத்தாள். மறுகாலை இரண்டு கையாலும் தள்ளினாள்.

நின்றது.

ஆசாரியை அழைத்துவர ஆள் ஓடியது. சாமியம்மா வந்து அவளுக்கு முன்னால் குந்தினார்.

“வலிக்குதாக்கா?”

“வலிக்காம என்ன செய்யும்?”

“விட்டுடுங்க.”

“விட்டா, இது அது மேல சாயும். ரெண்டும் போச்சு.”

“எவ்வளவு நேரம் நிப்பீங்க?”

“ஈரம் காயற மட்டும் நிப்பேன். வேற வழி?”

“பழக்கமோ?”

உலகம்மை முதுகுப் பக்கத்துக் காலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எதிர்க்காலைப் பார்த்தாள்.

ஆசாரி வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார்.

“என் வேலையில கையை வச்சது யாரு?”

“கத்தாதேயும்,” என்றார் கொத்தனார். “அந்த ஆச்சியே கட்டையா நிக்குது. உமக்கு ஆணி மிச்சம்.”

ஆசாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்து அடித்தார்.

அதற்குப் பிறகு உலகம்மை அதைத் தாண்டித் தாண்டியே போனாள். யாராவது அதில் கால் வைத்து ஏறினால் அதட்டினாள். யாரும் பார்க்காதபோது அதைத் தொட்டுவிட்டுப் போனாள்.

சித்திரை வெயிலில் சுவர் காய்ந்தது.

வைகாசி பிறந்து, கதவு மாட்டுகிற நாளும் வந்தது. ஆசாரி சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஆணிகளைப் பிடுங்கினார்.

உலகம்மை கிட்டே வந்து நின்றாள். கைகள் தானாக முன்னால் நீண்டன.

கட்டை கீழே வந்தது. நிலைக்கால்கள் அசையவில்லை.

“நிக்குது,” என்றாள். “தாயே, அதுவா நிக்குது!”

நீட்டிய கைகள் குவிந்தன.

கதவு பொருந்தியது. ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

“காய்ஞ்ச கட்டை. ஒரு வேளைக்கு எரியும்,” என்று ஆசாரி அதை அடுப்புப் பக்கம் வீசப் போனார்.

“பொறும்!”

உலகம்மை அதை வாங்கினாள். ஒட்டியிருந்த காரையை முந்தானையால் துடைத்தாள். மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள்.

“அடுப்புக்குப் போறதுக்குப் பொட்டா?”

“உமக்கென்ன? உம்ம சோலியைப் பாரும்.”

“ஏங்கக்கா, அதை அப்படியே விட்டு வச்சிருந்தா என்ன?” என்றார் சாமியம்மா.

“நல்லாக் கேட்டீங்க! கதவை எப்படி மாட்டறது? ஒருத்தர் உள்ள வந்து போக வேண்டாமா?”

சொன்னவள் கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள்.

வாசல் வழியாக அரிசி மூட்டை போயிற்று. தண்ணீர்க்குடம் போயிற்று. யாருக்கும் கால் இடறவில்லை. நிலைக்கால்களில் ஆணி இருந்த ஓட்டைகள் தெரிந்தன. உலகம்மை விரலால் ஒன்றைத் தடவினாள்.

பிறகு உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தாள்.

“நாளைக்குப் பால் காய்ச்சறானுவ, தாயே. போயிட்டு வாரேன்.”

“அங்கே உங்களுக்கு என்ன வேலை?”

“உட்காரணும்,” என்றாள் உலகம்மை.