ஆபத்சகாயர் கொட்டகையில் சுவாமி இறங்கியது

திருவாதிரை உலா மழையில் அகப்பட்ட மாலையில் உடனிருந்தவர்கள் இவர்கள்: சபேச குருக்கள், பல்லக்குச் சுமந்த ஸ்ரீபாதம் தாங்கிகள், சத்திரத்து வீட்டின் மூத்தவரான என் தமையனார் வைத்தியநாதர், அவர் பின்னால் நான், கல்லூரி மாணவர்கள் ஞானராஜ், செல்லையா, வீரபத்திரன், இவர்களோடு ஆபத்சகாயர். கதை சொல்பவர்கள் வேறு யாரையும் சேர்க்காமல் இந்தப் பெயர்களுக்குள் நின்று சொல்லட்டும்.

திருவெண்காரையில் எங்கள் முன்னோர் கட்டிய சத்திரத்தையும் எங்கள் வீட்டு வாசலையும் பெருக்குவது ஆபத்சகாயரின் தொழில். விடியுமுன் பெருக்கி முடிப்பார். பிறகு ஒரு குடம் நீர் சுமந்து போய்க் கோயில் வில்வமரத்துக்கு ஊற்றுவார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. சத்திரத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையே அவர் வீடு.

ஊருக்குக் கல்லூரி வந்தது. மாணவர் எல்லோரும் தங்க இடம் வரவில்லை. விடுதியில் அறைகள் நிரம்பியபின் வந்த ஏழைப் பிள்ளைகளுக்கு யாரும் வீடு தரவில்லை. சாதி கேட்டுக் கதவடைத்தார்கள். பேருந்து நிலையத்தில் படுத்துக்கிடந்த மூவரை ஆபத்சகாயர் சத்திரத்துக்கு அழைத்து வந்தார். அவர்களில் வீரபத்திரனுக்கு அது கடைசி ஆண்டு. தங்க இடமில்லையென்றால் தேர்வெழுதாமல் தந்தையோடு செங்கல் சூளைக்குத் திரும்புவதைத் தவிர அவனுக்கு வழியில்லை.

சத்திரத்தில் அடியார் எவரும் மூன்று இரவு தங்கலாம், அதற்குமேல் கூடாது என்பது எங்கள் பாட்டனார் வைத்த விதி. ஆபத்சகாயர் அதை மீறவில்லை. நான்காம் நாள் காலை மூவரையும் மூட்டை முடிச்சுடன் வெளியேற்றிச் சந்நிதிக்கு அழைத்துப் போவார். கும்பிட்டுத் திரும்பியதும் புதிதாக வந்த யாத்திரிகர்களாக உள்ளே விடுவார். தேநீர்க்கடையில் இது பெரிய வேடிக்கையாயிற்று.

“என்ன ஆபத்சகாயம், ஒங்க யாத்திரிகருங்க இன்னிக்குக் காசிக்கா, ராமேசுவரத்துக்கா?”

“சந்நிதி வரைக்கும்தாங்க. அதுக்கு மேல போக அவங்களுக்குப் பரீட்சை இருக்கு.”

பெருக்குகிறவர் சத்திரத்து வீட்டுத் தர்மத்தை ஏய்க்கிறார் என்ற பேச்சு என் தமையனார் காதுக்கு வந்தது. குலத்தின் பெயர் தேநீர்க்கடையில் அடிபடுவதை அவர் பொறுப்பவர் அல்லர். ஒருநாளும் பூட்டப்படாத சத்திரத்தைப் பூட்டிச் சாவியை வீட்டில் வைத்தார். ஆபத்சகாயர் மூவரையும் தம் கொட்டகையில் இருத்தி, தாம் வெளியே கிணற்றடியில் சாக்கு விரித்துப் படுத்தார். பனியில் இருமல் பிடித்தது. ‘ஊருக்குப் போயிடுறேன் தாத்தா’ என்று வீரபத்திரன் மூட்டை கட்டியபோது, தேர்வை எழுதிவிட்டுப் போகும்படி சொல்லி மூட்டையைத் தம் தலைக்கு வைத்துக்கொண்டார்.

திருவாதிரையன்று சுவாமி எங்கள் சத்திரத்து மண்டபத்தில் இறங்குவதும், இடத்துக்குரியவர்கள் என்று எங்களுக்குத் தலையில் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வதும் தலைமுறை வழக்கம். பூட்டிய பழக்கம் இல்லாததால் அன்று சாவியை எடுத்துவர யாருக்கும் தோன்றவில்லை. பல்லக்கு வாசலுக்கு வரவும் மழை கொட்டிற்று. உலா வந்த கூட்டம் கலைந்தோடியது. பூட்டின் முன்னால் என் தமையனார் நின்றார். சுவாமி நனைந்துகொண்டிருந்தார். பின்புறம் மாணவர்கள் படிக்கும் விளக்கு மட்டும் தெரிந்தது.

“அந்த வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கோ” என்றார் குருக்கள்.

மாணவர்கள் புத்தகங்களை வாரிக்கொண்டு எழுந்தார்கள். வீரபத்திரனின் பாய்மேல் சுவாமி இறங்கினார். தீபாராதனை முடிந்ததும் குருக்கள் பரிவட்டத்தை எடுத்து, இடத்துக்குரியவர் யார் என்று கேட்டார்.

“இது எடமே இல்லீங்க சாமி. புள்ளைங்க முடங்குற கொட்டாய்” என்றார் ஆபத்சகாயர், கைகூப்பியபடி.

“சுவாமி இன்னிக்கு அவாளோட ஒண்டிண்டிருக்கார். நீர் தலையைக் குனியும்.”

என் தமையனார் மறுநாள் தாமே பூட்டைத் திறந்து, படிக்க வருகிறவர்களும் அடியார்களே, அவர்களுக்கு மூன்று இரவு விதி இல்லை என்று அறிவித்தார். வீரபத்திரன் தேர்வெழுதினான். ஆபத்சகாயரின் இருமல் மட்டும் போகவில்லை. மாசியில் அவர் இறைவனடி சேர்ந்தார். வீடில்லாதவர்க்கு இடம் தந்தவரிடம் இறைவனே ஒண்ட வந்தார் என்றால் அவர் பெருமைக்கு வேறென்ன சொல்வது!

சத்திரம் பூட்டப்பட்டதும் அவர் எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றினார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். மறுநாள் விடியலிலும் அவர் எங்கள் வாசலைப் பெருக்கிவிட்டுத்தான் போனார்.